நடுவில் ஆள் வேண்டாம்

தாராவி, பம்பாய்
12 மார்ச் 1963

மகன் ஜெயினுலாப்தீனுக்கு உம்மா மதீனா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று மன்சூர் அலி நம் பட்டறைக்கு வந்திருந்தான். கப்பலில் சமையல்காரனாகி உலகம் சுற்றியும் அவன் வாய் அடங்கவில்லை. நீ கொடுத்தனுப்பிய சோப்பையும் கம்பளிச் சட்டையையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "சாச்சி, மருமவ வெள்ளக்காரியா இருந்தாலும் நல்ல கொணமான பிள்ள" என்றான்.

என் கையில் தோல் வெட்டும் கத்தி இருந்தது. உன் தங்கை நூர் நிஷா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வெட்டிக்கொண்டே, "தெரியும், கடுதாசி வந்துச்சு" என்றேன். பொய்தான். என் மகன் கல்யாணத்தை அவன் வாயால்தான் முதலில் கேட்கிறேன் என்று அவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

உன் வாப்பா மௌத்தானபோது, பொம்பளை தோல் பட்டறை நடத்துவாளா என்று இந்தச் சந்தே கேட்டது. நடத்தினேன். பைகள் இன்றும் கிராஃபோர்டு மார்க்கெட்டுக்குப் போகின்றன. யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இப்போது நீ என்னை மன்சூர் அலியின் முன்னால் நிற்க வைத்துவிட்டாய்.

நிக்காஹ் நடந்ததா, சர்க்கார் ஆபீசில் கையெழுத்து மட்டும்தானா? அவள் பெயர் என்ன? அவன் சொன்னான், என் காதில் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் என்பதால் கேட்கவில்லை.

பதில் எழுத மனம் இருந்தால் எழுது. நூர் நிஷா சலாம் சொல்கிறாள். நான் சொல்லச் சொல்லவில்லை, அவளாகச் சொல்கிறாள்.

மதீனா பீவி


லிவர்பூல்
2 ஏப்ரல் 1963

உம்மாவுக்கு ஜெயினுலாப்தீன் சலாம்.

உங்கள் கடிதத்தைப் பிஸ்கட் ஆலையின் பின்புறம் குளிரில் நின்று படித்தேன். அறைக்குப் போய்ப் படித்தால் அவள் என் முகத்தைப் பார்த்துவிடுவாள்.

அவள் பெயர் டோரீன். என் ஆலையில்தான் வேலை. நான் அடுப்பில், அவள் பெட்டி கட்டும் இடத்தில். அவளுடைய தாய் தகப்பன் யுத்தத்தில் குண்டு விழுந்து இறந்துபோனார்கள், ஒரு பெரியம்மா வளர்த்திருக்கிறாள். போன குளிர்காலத்தில் எனக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தபோது, வீட்டுக்காரி என்னை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். டோரீன்தான் வேறு அறை தேடிக் கொடுத்தாள், சூப் வைத்துக் கொண்டுவந்தாள், அந்த வீட்டுக்காரியிடம் போய் எனக்காகச் சண்டையும் போட்டாள். நிக்காஹ் நடந்தது உம்மா. வெள்ளிக்கிழமை நாங்கள் தொழும் ஏமன் மாலுமிகள் வீட்டில் நடந்தது. ஆபீசிலும் பதிந்தோம்.

எழுதாதது தப்புத்தான். உங்களுக்குப் பயந்தேன். வேறு காரணம் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று டோரீன் கேட்டாள். உங்களுக்குச் சந்தோஷம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "நீ நடுவில் நின்று பேசினால் இரண்டு பக்கமும் சர்க்கரை போட்டுவிடுவாய். நானே எழுதுகிறேன், நீ தமிழில் மாற்றக்கூடாது" என்றாள். அதனால் கீழே இருக்கும் வரிகள் அவள் கையால் எழுதியவை. நான் தொடவில்லை. யாரிடமாவது கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்
ஜெயினு


தாராவி
9 ஜூன் 1963

ஜெயினுலாப்தீனுக்கு,

படித்துக்கொண்டேன். எப்படி என்று கேள்.

போஸ்ட் ஆபீஸ் வாசலில் டைப் மெஷின் வைத்து மனு அடித்துக் கொடுக்கிற ஜஹாங்கீரிடம் போனேன். பத்துப் பேர் நிற்கிறார்கள். அவன் மெதுவாகப் படிக்கக் கூடாதா? மேடையில் பேசுகிறவன் மாதிரி படித்தான். "'நான் அவருக்குப் பின்னால பாக்குறேன், அவர் எனக்குப் பின்னால பாக்குறார்'னு போட்டிருக்கு சாச்சி. 'அவரை மேல குடுக்க மாட்டேன். நாம ரெண்டு பேரும் ஏறுவோம்னு நம்புறேன்'னு முடிச்சிருக்கு."

மணியார்டருக்கு நின்ற ஒருவன், "எதுல ஏறணுமாம்? மாஹிம் டேசன்ல வந்து ஏறுதாளா?" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜஹாங்கீரும் சிரித்தான். கடிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் பெண்டாட்டி பைத்தியக்காரி இல்லை என்று எனக்குத் தெரிகிறது. வீட்டுக்காரியிடம் சண்டைக்குப் போனவள் இப்படி உளறியிருக்க மாட்டாள். உளறியது ஜஹாங்கீர்தான். ஆனால் அதை அவனிடம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. வீடு வரும்வரை அது ஒன்றுதான் மனதில் உறுத்தியது.

இனி என் வீட்டுக் கடிதத்தை ரோட்டில் எவனும் படிக்க வேண்டாம். நானே படிப்பேன். அதுவரை நீயும் எனக்கு அர்த்தம் எழுதி அனுப்பாதே. அவளும் பொறுத்திருக்கட்டும்.

மாட்டுங்காவிலிருந்து ராஜலக்ஷ்மி என்று ஒரு மாமி கைப்பைக்கு ஜிப் மாற்ற வந்தாள். புருஷனுக்கு ரயில்வே ஆபீசில் உத்தியோகம். இன்டர்மீடியட் படித்தவளாம். ரவிக்கை வெட்டத் தெரியவில்லை, தையற்காரன் துணியைக் கெடுக்கிறான் என்று புலம்பினாள். "நான் வெட்டச் சொல்லித் தாறேன், நீங்க எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தாங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதுக்கு பீவி?" என்றாள். "மருமகளோட பேசணும்" என்றேன். சரி என்றாள்.

உம்மா


லிவர்பூல்
4 ஆகஸ்ட் 1963

உம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு வருத்தப்பட்டேன். இந்த வயதில் உங்களுக்கு எதற்கு உம்மா இந்தத் தொல்லை? பட்டறை வேலை போதாதா?

இந்த இங்கிலீஷைப் புத்தகத்தில் பிடிக்க முடியாது. நான் ஸ்கூலில் படித்துவிட்டுத்தானே வந்தேன்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி வந்து, "நாக் ஆஃப்" என்று கத்தினான். 'நாக்' என்றால் தட்டுவது. எதைத் தட்ட வேண்டும் என்று தெரியாமல் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். வேலையை முடி என்று அர்த்தமாம். இங்கே எல்லாம் இப்படித்தான். தெரிந்த இரண்டு சொல்லைச் சேர்த்தால் தெரியாத மூன்றாவது ஒன்று வந்து நிற்கும்.

விட்டுவிடுங்கள். இனி டோரீன் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் நானே தமிழில் எழுதுகிறேன். சத்தியமாகச் சர்க்கரை போட மாட்டேன்.

ஒரு நல்ல செய்தி. பிப்ரவரியில் நீங்கள் வாப்பும்மா ஆகப்போகிறீர்கள், இன்ஷா அல்லாஹ்.

ஜெயினு


தாராவி
15 நவம்பர் 1963

ஜெயினுலாப்தீனுக்கு,

நல்ல செய்தி சொன்னதால் "இந்த வயதில்" என்று எழுதியதை இந்த ஒரு தடவை மன்னித்தேன். நாலு பிள்ளைகளைப் பெற்றவளுக்கு நாற்பத்தாறு ஒரு வயதா? அவள் பேறுகாலத்துக்குப் பால்சுக்கு அனுப்புகிறேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறேன். அதை மட்டும் நீ மொழிபெயர்க்கலாம்.

பாடம் முதலில் மாமி வீட்டு ஹாலில்தான் நடந்தது. எனக்குக் காபி கொடுக்க ஒரு டம்ளர் தனியாக ஜன்னலில் வைத்திருப்பார்கள். மாமியின் மாமியார் ஏற்பாடு. அடுத்த வாரம், "ரவிக்கை வெட்ட என் மேஜைதான் வசதி. நீங்க அங்க வாங்க மாமி" என்றேன். வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். தோல் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைந்தாள். ஆனால் நூர் நிஷா கொடுத்த சாயாவைக் குடித்தாள். மறுபடி வந்தபோது மூக்கைப் பொத்தவில்லை. இப்போது அவளே கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

கத்தி, நூல், அடுப்பு, அரிசி எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. நீ சொன்ன இரட்டைச் சொற்களில்தான் நானும் விழுந்தேன். 'லுக்' என்றால் பார். 'ஆஃப்டர்' என்றால் பிறகு. அப்படியானால் ஜஹாங்கீர் சொன்னது சரிதானே என்று கேட்டேன். மாமி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டையும் தனித்தனியாப் பார்க்கப்படாது பீவி. ஆம்படையான் பொண்டாட்டி மாதிரி. சேர்ந்துட்டா அர்த்தமே வேற" என்றாள்.

அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து, டோரீனின் கடிதத்தை எடுத்து, நானே விரல் வைத்துப் படித்தேன். மாமி வாயே திறக்கவில்லை. 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்வது. 'கிவ் அப்' என்றால் கைவிடுவது. "நான் அவரைக் கவனித்துக்கொள்கிறேன், அவர் என்னைக் கவனித்துக்கொள்கிறார். அவரைக் கைவிட மாட்டேன்." கடைசியில் அந்த ஏறுகிற விஷயம். 'கெட் ஆன்'. லோக்கல் ரயிலில் ஏறுவதற்கும் அதுதான். ஆனால் மனிதருக்கு மனிதர் என்றால் ஒத்துப்போவது. "நாம் இரண்டு பேரும் ஒத்துப்போவோம் என்று நம்புகிறேன்."

மாமி பதிலுக்கு "வீ வில் கெட் ஆன்" என்று எழுதச் சொன்னாள். கல்யாணத்தைச் சொல்லாமல் செய்தவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் எழுதிவிடுவேனா? கீழே என் கையால் "வீ வில் ஸீ" என்று எழுதியிருக்கிறேன். பார்க்கலாம் என்று அர்த்தம். அவளிடம் காட்டு.

கிவ்வுக்குப் பின்னால் 'அப்' போட்டால் கைவிடுவது, 'இன்' போட்டால் விட்டுக்கொடுப்பதாம். இரண்டும் எனக்குப் பழக்கமில்லை என்று மாமியிடம் சொன்னேன்.

உம்மா


லிவர்பூல்
23 ஆகஸ்ட் 1964

உம்மாவுக்கு,

யூசுஃப் இப்போது தவழ்கிறான். போட்டோ வைத்திருக்கிறேன். மூக்கு வாப்பாவுடையது, பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் எழுதிய "வீ வில் ஸீ" என்ற தாளை டோரீன் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். அவள் பெரியம்மா வந்தபோது, "என் மாமியார் எழுதியது, அவர் யாருக்கும் வளைய மாட்டார்" என்று பெருமையாகக் காட்டினாள். எனக்கு எதிராகப் பேச உங்கள் இரண்டு பேருக்கும் ஆள் கிடைத்துவிட்டது.

டிசம்பரில் அவள் யூசுஃபை எடுத்துக்கொண்டு பம்பாய் வருவதாக முடிவு செய்துவிட்டாள். பனிக்காலம் முடியும்வரை இருப்பாளாம். எனக்கு லீவு கிடையாது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

உம்மா, ஒரு உதவி கேட்கிறேன். கோபப்படாமல் படியுங்கள். ராஜலக்ஷ்மி மாமி குடும்பம் மார்கழியில் ஊருக்குப் போகும் என்று நூர் நிஷா ஒருமுறை எழுதியிருந்தாள். அந்த மாட்டுங்கா வீட்டை அப்போது கொஞ்ச நாளைக்குக் கேட்டு வாங்க முடியுமா? டோரீனை நேராக அங்கே அழைத்துப் போய்விடலாம். பால்கனி, குழாய்த் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. நம் வீட்டைப் பற்றி நான் அவளிடம் விவரமாகச் சொல்லவில்லை. பம்பாயில் எங்களுக்குத் தோல் தொழில் என்றேன். அவள் பெரிய ஆலை என்று நினைத்துக்கொண்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

குழந்தைக்காகத்தான் கேட்கிறேன்.

ஜெயினு


தாராவி
7 செப்டம்பர் 1964

ஜெயினுலாப்தீனுக்கு,

குழந்தைக்காகக் கேட்கவில்லை நீ.

உன்னைப் பெற்றது இந்தக் கூரைக்குக் கீழே. நீ படித்தது இந்த மெஷின் சத்தத்தில். இதற்கு நீ வெட்கப்பட்டுக்கொள். நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்? அடுத்தவள் பால்கனியில் நின்று என் மருமகளை வாங்க என்று கூப்பிடுவேனா? மாமியிடம் கேட்டால் சாவியைக் கையில் கொடுத்துவிடுவாள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

நீ சொல்லாததை நான் எழுதிவிட்டேன். உனக்கு முன்னால் அவள் பெயருக்கே தனிக் கடிதம் போட்டுவிட்டேன், இங்கிலீஷில். மாமி எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள். அதன் தமிழ் உனக்கு:

"டோரீன், என் வீடு தாராவியில் இருக்கிறது. கீழே ஒரு அறை, பட்டறை. மேலே ஒரு அறை, வீடு. கூரை தகரம். மழை உள்ளே வரும். தோல் வாடை எப்போதும் உண்டு. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். நாலு மெஷின் என்னுடையது. செய்கிற பை நல்ல பை. என் மகன் உன்னிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்வது இதுதான். இதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் வா. உன்னையும் பிள்ளையையும் நான் கவனித்துக்கொள்வேன்."

'பொறுத்துக்கொள்வது' என்பதற்கு மூன்று சொல். 'புட் அப் வித்.' ஒவ்வொன்றாகச் சேர்த்து எழுதினேன். முடித்துக் கையெழுத்துப் போட்டதும் மாமி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "பீவி, எங்காத்துல யாரும் யாருக்கும் இப்படி ஒரு லெட்டர் போட்டதில்லை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. இங்கிலீஷில் ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்பதுதான் மனது நிறைய இருந்தது.

இனி அவள் வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

உம்மா


லிவர்பூல்
4 அக்டோபர் 1964

உம்மாவுக்கு,

உங்கள் கடிதம் அவளுக்கு வந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தகரமா?" என்றாள். ஆமாம் என்றேன். "இதை ஏன் நீ சொல்லவில்லை?" என்றாள். வெட்கம் என்றேன். "நான் இந்தக் கடிதத்துக்கு முன்னாலும் வருவேன் என்றுதான் சொன்னேன். நீ என்னை எப்படிப்பட்டவள் என்று நினைத்தாய்?" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. யூசுஃபோடு மட்டும் பேசினாள்.

மூன்றாம் நாள் கப்பல் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தாள். நானும் எப்படியாவது லீவு கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நான் வந்தால் நடுவில் நின்று பேசுவேனாம்.

உங்கள் கடிதத்தையும் சுவரில் ஒட்டுவாள் என்று நினைத்தேன். ஒட்டவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 11ஆம் தேதி கப்பல் பம்பாய் வரும். மன்சூர் அலியைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போங்கள். அவளுடைய பேச்சு உங்களுக்குப் புரியாது. இந்த ஊர்க்காரர்கள் பேசுவது லண்டன்காரனுக்கே புரியாது.

ஜெயினு


தாராவி
16 டிசம்பர் 1964

ஜெயினுக்கு,

வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் சுகம். அல்ஹம்துலில்லாஹ்.

மன்சூர் அலியை அழைத்துப் போகவில்லை. நானும் நூர் நிஷாவும்தான் பல்லார்ட் பியருக்குப் போனோம். வழியெல்லாம் நான் ஒரு வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். உங்கள் பிரயாணம் நன்றாக இருந்ததா, உங்களைக் காண்பதில் மகிழ்ச்சி என்று மாமி எழுதிக் கொடுத்த வரி. டாக்ஸியில் சரியாகச் சொன்னேன். துறைமுகக் கேட்டுக்கு வெளியே நிற்கும்போதும் சொன்னேன்.

பச்சைக் கோட்டுப் போட்டு, இடுப்பில் பிள்ளையோடு, சுங்கக்காரனிடம் ஏதோ வாதாடிக்கொண்டே ஒருத்தி வந்தாள். போட்டோவைவிட ஒல்லி. என்னை எப்படி அடையாளம் கண்டாளோ, நேராக என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு அந்த வரியில் ஒரு சொல் கூட நினைவில் இல்லை. இரண்டு கையையும் நீட்டி, "கிவ்" என்றேன். 'அப்'பும் இல்லை, 'இன்'னும் இல்லை. வெறும் கிவ். அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள். அவன் என் கழுத்தில் கிடந்த மணியைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பேசுவது முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மாமியின் இங்கிலீஷ் வேறு, இது வேறு. "கம் அகைன்" என்று சொன்னால் திரும்பச் சொல்வார்கள் என்று மாமி சொல்லியிருந்தாள். டாக்ஸியில் வரும்போது அத்தனை தடவை சொன்னேன், டாக்ஸிக்காரனே சிரித்துவிட்டான். அவள் சலிக்கவில்லை. மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சந்துக்குள் டாக்ஸி வராது. இறங்கி நடந்தோம். சாக்கடைப் பலகையில் அவள் கால் வழுக்கியது, நூர் நிஷா பிடித்துக்கொண்டாள். சந்தே வேடிக்கை பார்க்கிறது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். "யாரு பீவி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எம் மருமவ" என்று சொல்லிக்கொண்டே போனேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

வாசலில் நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள். உள்ளே போகவில்லை. "யூ செட் டின். இட் இஸ் டின்" என்றாள். நீங்கள் தகரம் என்றீர்கள், தகரம்தான். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

என்னை உம்மா என்று கூப்பிடுகிறாள். ஊமா என்று காதில் விழுகிறது. சரியாகிவிடும்.

உம்மா


தாராவி
20 ஜனவரி 1965

ஜெயினுக்கு,

இன்று உன் பெண்டாட்டியோடு சண்டை போட்டேன். இங்கிலீஷில். உனக்கு அவள் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

மத்தியானம் அவள் யூசுஃபை மேல் அறையில் மரப்பெட்டியில் கிடத்திவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தாள். அவன் அழுகிறான். இவள் உட்கார்ந்திருக்கிறாள். அழுது ஓய்ந்தால் தானாகத் தூங்கப் பழகுவானாம். அவர்கள் ஊர் வழக்கமாம். எவ்வளவு நேரம் பொறுப்பேன்? ஏணியில் ஏறி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"புட் ஹிம் டவுன், உம்மா" என்றாள். கீழே விடச் சொல்கிறாள்.

"நோ" என்றேன்.

"ப்ளீஸ். புட் ஹிம் டவுன்."

"ஐ ப்ராட் அப் ஃபோர். நோபடி க்ரை இன் பாக்ஸ்" என்றேன். நாலு பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றும் பெட்டிக்குள் அழவில்லை. இலக்கணம் எப்படி இருந்ததோ, விஷயம் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கழுத்து வரை சிவந்துபோனாள். எழுந்து நின்று கடகடவென்று உங்கள் ஊர்ப் பேச்சில் பொரிந்து தள்ளினாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சண்டையில் எதிராளி சொல்வது புரியாவிட்டால் என்ன சண்டை? "ஸ்லோ" என்றேன். "ஃபைட் ஸ்லோ."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சண்டை போட்டாள். நானும் போட்டேன். நாலு மெஷினும் நின்றுவிட்டன. நூர் நிஷா ஊசியில் கோக்க நனைத்த நூலை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டோரீன் சொன்னாள், "யூ ஆர் டெல்லிங் மீ ஆஃப் இன் ஃப்ரண்ட் ஆஃப் எவ்ரிபடி!" எல்லோர் முன்னாலும் என்பது புரிந்தது. 'டெல்' தெரியும், 'ஆஃப்' தெரியும். சேர்ந்தால் என்ன? மாமி சொல்லித்தரவில்லை. கையை உயர்த்தி அவளை நிறுத்தினேன்.

"வாட் இஸ் டெல் ஆஃப்?"

அவள் யோசித்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, எதிரே யாரோ நிற்பது போல ஏசிக் காட்டினாள். ஓ, ஏசுவது.

"எஸ்" என்றேன். "ஐ டெல் யூ ஆஃப். நவ் யூ டெல் மீ ஆஃப். கோ ஆன்."

அவளால் முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நூர் நிஷா நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். நான் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தேன். இத்தனை கூத்திலும் யூசுஃப் என் தோளில் தூங்கிவிட்டான்.

சிரித்து முடித்தும் அவள் பேச்சை மாற்றவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் பகலில் அவனுக்கு என் சேலையில் தொட்டில், ராத்திரி அவளுடைய பெட்டி என்று முடிவாயிற்று. "ஷல் வீ மேக் அப்?" என்று கேட்டாள். பவுடர் பூசக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ராசியாகிவிடுவோமா என்று கேட்டிருக்கிறாள். ஒரே சஹன் தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மீன் முள்ளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் வேறு மாதிரி எழுதினால் நம்பாதே.

உம்மா


லிவர்பூல்
1 பிப்ரவரி 1965

உம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் டோரீனுடைய கடிதமும் ஒரே நாளில் வந்தன. தான் துளிகூட விட்டுக்கொடுக்கவில்லை என்று அவளும் எழுதியிருக்கிறாள். நான் நடுவில் வரப்போவதில்லை. ஏப்ரலில் லீவு கிடைத்துவிட்டது. அவர்களை அழைத்துவர நானே வருகிறேன். நம் வீட்டில்தான் தங்குவேன். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டும்.

இன்று ஆலைக் கேன்டீனில் இரண்டு கடிதத்தையும் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் என்னோடு நிற்கும் ஜார்ஜ் என்ன விஷயம் என்றான். சொன்னேன். "ஃபைட் ஸ்லோ" என்ற இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் வந்துவிட்டார்கள். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள்.

இங்கே யாராவது என் ஊரைக் கேட்டால் பம்பாய் என்பேன். பம்பாயில் எங்கே என்றால், கடல் பக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு ஜார்ஜ், "உன் அம்மா இங்கிலீஷ் எங்கே படித்தார்?" என்றான்.

"தாராவியில்" என்றேன்.

"அது என்ன, காலேஜா?"

"இல்லை. எங்கள் வீடு."

உங்கள் மகன்
ஜெயினுலாப்தீன்